பல்லுக்கு உறையாகப் போட்ட புது கேப் உயரமாக இடிக்கிறது, "பழகிவிடும்" என்கிறார்கள். பழகுமா?

6 அக்டோபர் 2024, இரவு 9.40 | ஈசூன்வாசி

இடது கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை முடிந்து, கேப் ஒட்டி 12 நாள் ஆகிறது. வாயை மூடினால் அந்தப் பல்தான் முதலில் இடிக்கிறது. அப்புறம்தான் மற்ற பற்கள் சேருகின்றன. சோறு சாப்பிடும்போது பரவாயில்லை. பரோட்டா, கோழி என்றால் காது ஓரம் வரை வலி இழுக்கிறது. பல் மருத்துவமனைக்குப் போன் செய்து கேட்டேன். "புது கேப் அப்படித்தான் இருக்கும், பழகிவிடும்" என்றார்கள். உண்மையில் பழகுமா? பல் துறையில் இங்கே யாராவது இருக்கிறீர்களா?

6 அக்டோபர், இரவு 11.20 | அச்சுக்கல்

பழகாது. நாளைக்கே போங்கள்.

நான் பல் மருத்துவர் இல்லை. சிங்கப்பூரில் உபி வட்டாரத்தில் ஒரு பல் லேபில் 22 வருடமாக வேலை பார்க்கிறேன். மருத்துவர்கள் எடுத்தனுப்பும் அச்சில் மாவு ஊற்றி, அந்த மேல்தாடை, கீழ்த்தாடை மாடல்களைத் தாடை போல அசையும் கருவியில் பூட்டி, கேப், பிரிட்ஜ், பல்செட் செய்து கொடுப்பது என் வேலை.

வேர் சிகிச்சை செய்த பல்லில் நரம்பே இல்லையே, அது எப்படி உணரும் என்று சிலர் கேட்பார்கள். பல்லுக்குள் இருந்த நரம்புதான் போயிருக்கிறது. வேரை எலும்போடு கட்டி வைத்திருக்கும் நார் அப்படியே இருக்கிறது. ஏறத்தாழ கால் மில்லிமீட்டர் கனம்தான். ஆனால் மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவே 20 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தகடு ஒன்றை வைத்தால்கூட "ஏதோ இருக்கு" என்று அது சொல்லிவிடும். நம் தலைமயிர் ஒன்றின் பருமனே 70 மைக்ரான் அளவுக்கு வரும். அதனால் உங்களுக்குத் தோன்றுவது பிரமை என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

இப்படியே விட்டால், எச்சில் விழுங்கும் ஒவ்வொரு முறையும் அந்த ஒரு பல் அடி வாங்கும். இரவில் பல்லை நறநறவென்று கடிக்கவும் ஆரம்பித்துவிடுவீர்கள். வாயைப் பார்க்காமல் போனிலேயே "பழகிவிடும்" என்பது பொறுப்பில்லாத பேச்சு.

7 அக்டோபர், காலை 7.05 | அச்சுக்கல்

ரயிலில் இருந்து எழுதுகிறேன். நேற்று விட்டுப்போனது.

கேப் ஒட்டிய அன்று உங்களுக்கு மரத்துப்போக ஊசி போட்டிருந்தார்களா? மல்லாக்கப் படுத்த நிலையிலேயே "கடிங்க" என்றார்களா? ஒரு பக்கம் மரத்திருக்கும்போது யாருக்கும் சரியாகக் கடிக்க வராது. படுத்திருந்தால் தாடை கொஞ்சம் பின்னால் சரியும். நாற்காலியை நிமிர்த்தி, கால் தரையில் இருக்க, மரப்பு இல்லாத நேரத்தில் கடித்துப் பார்ப்பதுதான் நம்பகமான சோதனை. இந்த முறை அப்படிச் செய்யச் சொல்லிக் கேளுங்கள். தயங்க வேண்டாம்.

மருத்துவர் ஒரு நீலத்தாளைப் பல்லுக்கு நடுவே வைத்துத் தட்டச் சொல்வார். பழைய கார்பன் பேப்பர் மாதிரிதான் இருக்கும். பல்லில் நீலப் பொட்டுகள் விழும். பெரிய பொட்டு விழுந்த இடம்தான் அதிகம் இடிக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படிச் சொல்ல முடியாது. எச்சில் பட்டாலே பொட்டு அப்பிக்கொள்ளும். லேபில் நாங்கள் தேடுவது வேறு ஓர் அடையாளம்: சுற்றி நீல வளையம், நடுவில் வெறுமை. அழுத்தம் மிகுந்த இடத்தில் மை பிதுங்கி ஓரத்துக்குப் போய்விடும், நடு மட்டும் கேப்பின் வெள்ளையாகவே பளிச்சிடும். குங்குமப் பொட்டை விரலால் அழுத்தி எடுத்தால் நடுவில் தோல் தெரியுமே, அதே மாதிரி.

7 அக்டோபர், இரவு 10.30

"கடி என்றால் வாயை மூடித் திறப்பதுதானே, ஒரு கேப்புக்கு இவ்வளவு பேச்சா" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இதை மட்டும் கொஞ்சம் விரித்து எழுத விடுங்கள். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது.

இரண்டு ஆள்காட்டி விரலையும் காதுத் துளைக்குச் சற்று முன்னால் வையுங்கள். வாயை மெதுவாகத் திறங்கள். முதல் இரண்டு சென்டிமீட்டர் வரை விரலுக்கடியில் ஓர் உருண்டை இருந்த இடத்திலேயே சுழல்வது தெரியும். அதற்கு மேல் திறந்தால் அந்த உருண்டை முன்னால் வழுக்கி இறங்கும், விரல் ஒரு பள்ளத்தில் விழும். அதாவது நம் தாடை மூட்டு கதவுக் கீல் போலச் சுழலவும் செய்யும், மேசை இழுப்பறை போல முன்னால் நகரவும் செய்யும். இரண்டையும் செய்வதற்காக உருண்டைக்கும் மண்டையோட்டின் குழிக்கும் நடுவே ஒரு மெல்லிய வட்டு இருக்கிறது. வட்டுக்குக் கீழே சுழற்சி, மேலே வழுக்கல்.

இனி தாடையை வலப்பக்கம் தள்ளுங்கள். வலது உருண்டை ஏறக்குறைய நின்ற இடத்திலேயே திரும்பும். இடதுதான் முன்னே பயணம் போகும். ஆக, வலது பக்கம் மெல்லும்போது அதிகம் நடப்பது இடது மூட்டு.

என் மகன் சின்னவனாக இருந்தபோது பொங்கல் சமயத்தில் லிட்டில் இந்தியாவில் மாடுகளைக் கட்டி வைத்திருந்தார்கள். அவன் கொம்பைப் பார்த்தான், நான் தாடையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மாட்டுக்கு மேல் முன்பல் கிடையாது, வெறும் தடித்த ஈறுதான். கீழ்த்தாடை பக்கவாட்டில் போய், வளைந்து, திரும்ப வருகிறது. பூனைக்கு நேர்மாறு, மேலும் கீழும் மட்டும்தான், கத்தரி மாதிரி. நாம் இரண்டுக்கும் நடுவே இருக்கிறோம். வாயைத் திறந்து, மெல்லும் பக்கம் கொஞ்சம் சாய்ந்து, சரிவாக மேலேறி, பல்லின் முகடு எதிர்ப்பல்லின் பள்ளத்தில் வந்து உட்காரும். ஒவ்வொரு மெல்லலும் கண்ணீர்த்துளி வடிவில் ஒரு சுற்று.

சுவீடனைச் சேர்ந்த உல்ஃப் போசெல்ட் 1952-ல், கீழ் முன்பல்லின் நுனி எங்கெல்லாம் போக முடியும் என்று எல்லைக்கோடு வரைந்து காட்டினார். பக்கவாட்டில் பார்த்தால் பறவை அலகு போல இருக்கும். பேச்சு, சாப்பாடு, கொட்டாவி எல்லாமே அந்தக் கோட்டுக்குள் நடக்கின்றன. பற்கள் முழுதாகப் பொருந்தும் இடம் அந்தப் படத்தின் உச்சியில் ஒரே ஒரு புள்ளி. லேபுக்கு வரும் அச்சு எனக்குச் சொல்வது அந்த ஒரு புள்ளியை மட்டும்தான்.

ஒற்றைக் கேப் வேலைக்குப் பல இடங்களில் சாதாரணக் கீல் கருவியில் மாடலைப் பூட்டிவிடுகிறார்கள். அது திறக்கும், மூடும், அவ்வளவுதான். பக்கவாட்டில் போகாது. நல்ல கருவியில் உருண்டை முன்னால் வழுக்கி இறங்கும் மூட்டுச் சரிவை 30 பாகை, தாடை பக்கவாட்டில் போகும்போது அது உட்பக்கம் சாயும் பக்கச் சாய்வை 15 பாகை என்று சராசரிக்கு வைப்போம். போன்வில் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் 19-ஆம் நூற்றாண்டில் இரண்டு மூட்டு உருண்டைகளுக்கும் கீழ் முன்பற்களின் நடுவுக்கும் இடையே பக்கத்துக்கு நான்கு அங்குலமாக ஒரு சமபக்க முக்கோணம் போட்டுக் காட்டினார். இன்றும் பல கருவிகளின் உடம்பு அந்த முக்கோணத்தைத் தழுவித்தான் இருக்கிறது. வாயில் ஸ்கேன் எடுத்துத் திரையிலேயே தாடையை அசைத்துப் பார்க்கும் வசதி வந்துவிட்டது, அதிலும் பெரும்பாலும் இதே சராசரிகள்தான். ஈசூன்வாசியின் மூட்டுச் சரிவு அவருடைய மூட்டுக்குத்தான் தெரியும். ஆகவே எவ்வளவு கவனமாகச் செய்த கேப்பும் வாயில் போய்த்தான் முடிவடைகிறது. கடைசி ஐந்து நிமிடச் சரிபார்ப்பை யாரும் அவசரப்படுத்தக் கூடாது என்று நான் அடித்துச் சொல்வது இதற்காகத்தான்.

9 அக்டோபர், மதியம் 1.10

சாப்பாட்டு நேரம். முதல் நாள் நான் எழுதியதைத் திருத்த வேண்டும்.

"பழகாது" என்று ஒரே போடாகப் போட்டேன். அது பாதிதான் சரி. புது கேப் போட்டால் இரண்டு விதமான உறுத்தல் வரும். ஒன்று வடிவம். பல்லின் வயிறு கொஞ்சம் தடிப்பாக இருக்கும், நாக்கு ஓயாமல் அங்கேயே போய்த் தடவும். இது ஓரிரு வாரத்தில் பழகிவிடும். இன்னொன்று உயரம். மற்ற பற்கள் சேருவதற்கு முன் அது மட்டும் படுவது. இதற்கும் உடம்பு ஓரளவு வழி தேடிக்கொள்ளும், பல் கொஞ்சம் அமுங்கும், தாடை வேறு தடத்தில் மூடக் கற்றுக்கொள்ளும். ஆனால் வலியோடு அதற்காகக் காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஈசூன்வாசி சொல்வது இரண்டாவது வகை.

ஈசூன்வாசி, ஒரு கேள்வி. அச்சு எடுத்ததற்கும் கேப் ஒட்டியதற்கும் நடுவில் எத்தனை நாள்? தற்காலிக கேப் விழுந்ததா?

10 அக்டோபர், இரவு 9.50

ஈசூன்வாசி பதில் சொல்லிவிட்டார். அச்சு எடுத்த நாலாம் நாள் தற்காலிக கேப் கழன்று விழுந்திருக்கிறது. அப்போது அவர் திருச்சியில், சித்தப்பா காரியத்துக்காகப் போன இடத்தில். வலி இல்லாததால் அப்படியே விட்டுவிட்டார். திரும்பி வந்து கேப் ஒட்டியது ஐந்து வாரம் கழித்து.

அப்படியானால் நான் அந்த மருத்துவமனையின் மேல் கோபப்பட்டதில் பாதியைத் திரும்பப் பெற வேண்டும். பல் எலும்பில் ஆணி அடித்தது போல நிற்பதில்லை. எதிரே தடை இல்லாவிட்டால் அது மெல்ல வெளியே வரும், பக்கத்தில் இடம் கிடைத்தால் சாயும். ராவிய பல்லின் மேல் காலியாக இருந்த அந்த இடத்தை நோக்கி மேல் பல் ஐந்து வாரமாக இறங்கியிருக்கும். கேப் செய்தது ஐந்து வாரத்துக்கு முந்தைய வாய்க்கு. அன்றைக்கு அது மிகச் சரியாகவே இருந்திருக்கும்.

தற்காலிக கேப்பை எல்லாரும் அழகுக்காகப் போடுவது என்று நினைக்கிறோம். அது இடம் பிடித்து உட்கார்ந்திருக்கும் ஆள். விழுந்தால் ஊரில் எந்தப் பல் மருத்துவரிடமாவது போய் உடனே ஒட்டிக்கொள்ளுங்கள்.

போனில் சொன்ன பதில் பற்றிய என் வருத்தம் மட்டும் அப்படியே இருக்கிறது. "வாங்க, பார்க்கலாம்" என்று சொல்லியிருக்கலாம்.

13 அக்டோபர், காலை 9.15

இன்னொரு திருத்தம், இது பெரியது. உயரமான பல்லால் இரவில் பல் கடிக்க ஆரம்பித்துவிடுவீர்கள் என்று முதல் நாள் எழுதினேன். நான் வேலை கற்ற காலத்தில் எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். இன்றைக்கு அந்தக் கருத்து நிற்கவில்லை. தூக்கத்தில் பல் கடிப்பது மூளையிலிருந்தும் தூக்கத்தின் போக்கிலிருந்தும் வருவதாகவே இப்போது பார்க்கிறார்கள். பற்கள் எப்படிப் பொருந்துகின்றன என்பது அதற்குக் காரணமாகச் சொல்லப்படுவதில்லை.

பல் பொருத்தத்தின் மேல் எல்லாப் பழியையும் போடும் வழக்கம் பழையது. 1934-ல் காஸ்டன் என்ற அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர், கடைவாய்ப் பல் இழந்தவர்களின் தாடை பின்னால் போய் நரம்பை அழுத்துகிறது, காதடைப்பும் இரைச்சலும் தலைவலியும் அதனால்தான் என்று எழுதினார். உடற்கூறு அப்படி இல்லை என்று பிறகு தெரிந்தது. ஆனாலும் "கடியைச் சரி செய்தால் எல்லாம் சரியாகும்" என்ற நம்பிக்கை பல தலைமுறை ஓடியது. அந்த நம்பிக்கையில் நல்ல பற்களையே ராவியிருக்கிறார்கள்.

இதை எல்லாருக்கும் சொல்ல விரும்புகிறேன். ஈசூன்வாசிக்குச் சரி செய்யப் போவது புதிதாக ஒட்டிய கேப்பை, அது நியாயம். தாடை வலிக்கு மருந்தாக, கேப் இல்லாத நல்ல பற்களை வரிசையாக ராவ வேண்டும் என்று ஒருவர் சொன்னால் எழுந்து வந்து இன்னொரு மருத்துவரிடம் கேளுங்கள். எனாமல் ஒருமுறை போனால் திரும்பி வளராது.

குழந்தை இரவில் பல் கடித்தால் வயிற்றில் பூச்சி என்று நம் வீடுகளில் சொல்வார்கள். என் மாமியார் சொல்லி என் மகனுக்குப் பூச்சி மருந்து கொடுத்தேன். அதற்கப்புறமும் ஒரு வருடம் கடித்தான். பிறகு தானாகவே நின்றது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு வளர வளர நின்றுவிடும்.

13 அக்டோபர், காலை 9.40

சூயிங்கம் மென்றால் தாடைக்குப் பயிற்சி ஆகுமா என்று கேட்டவருக்கு: இங்கே சிங்கப்பூரில் 1992 முதல் விற்பனைக்கே தடை. 2004-லிருந்து மருத்துவப் பயனுள்ள வகைகளைப் பல் மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ வாங்கலாம். எல்லை தாண்டினால் மலேசியாவின் ஜோகூரில் கிடைக்கிறது என்பதற்காக வலியுள்ள தாடைக்கு அதைக் கொடுக்காதீர்கள். களைத்த தசைக்கு வேண்டியது ஓய்வு.

16 அக்டோபர், இரவு 10.05

ஈசூன்வாசி நேற்றுப் போய் வந்திருக்கிறார். நீலத்தாளில் தட்டச் சொல்லி, இரண்டு இடத்தில் லேசாக எடுத்திருக்கிறார்கள். மூடும்போது இடிப்பது நின்றுவிட்டதாம். ஆனால் கோழி மெல்லும்போது இன்னும் சுருக்கென்று இருக்கிறதாம்.

தட்டிப் பார்த்தார்கள், அரைத்துப் பார்த்தார்களா? சிவப்புத் தாளை வைத்து, பற்கள் பட்டபடியே தாடையை இடமும் வலமும் இழுக்கச் சொல்ல வேண்டும். நல்ல வாயில் பக்கவாட்டில் நகரும்போது கோரைப்பற்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, பின்பற்களை விலக்கிவிடும். கோரைப்பல் தேய்ந்தவர்களுக்குப் பக்கத்துப் பற்களும் சேர்ந்து அந்தப் பாரத்தைச் சுமக்கும். இரண்டுமே நல்லதுதான். புது கேப்பின் முகடு ஒன்று மட்டும் தனியாக உரசினால்தான் தொந்தரவு. நீலப்புள்ளி இல்லாத இடத்தில் சிவப்புக் கோடு விழுந்தால் அதுதான் அந்த உரசல். கூச்சப்படாமல் இன்னொரு முறை போங்கள்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2011-ல் ஒரு காலை கொட்டாவி விட்டேன், வாய் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் திறக்கவில்லை. நடு மூன்று விரலை அடுக்கி நிமிர்த்தி வாயில் வைத்தால் நுழைய வேண்டும், அதுதான் சாதாரண அளவு. அதற்கு முன் பல வருடமாக இடது மூட்டில் டக் டக்கென்று சத்தம் இருந்தது. வலி இல்லாததால் கண்டுகொள்ளவில்லை. வலியில்லாத சத்தத்துக்கு வைத்தியம் தேவையில்லை என்றுதான் மருத்துவரும் சொன்னார். வட்டு முன்னால் நழுவி, திறக்கும்போது உருண்டை அதன் மேல் ஏறும் சத்தம் அது. அன்று காலை ஏற முடியாமல் நின்றுவிட்டது.

வீட்டில் எல்லாரும் அறுவை சிகிச்சை என்று பயந்தார்கள். எனக்குக் கிடைத்தது வெந்நீர் ஒத்தடம், கஞ்சி, கொஞ்ச நாள் மாத்திரை, இயன்முறைப் பயிற்சி. ஆறு வாரத்தில் மூன்று விரல் நுழைந்தது.

அந்த இயன்முறை மருத்துவர் ஒரு கேள்வி கேட்டார்: "வேலை செய்யும்போது உங்கள் பற்கள் எங்கே இருக்கும்?" எனக்குப் பதில் தெரியவில்லை. மறுநாள் மேசையில் கவனித்தேன். மெழுகில் கடைவாய்ப் பல்லின் முகடு செதுக்கிக்கொண்டிருந்தேன். சுடுநுனியில் ஒரு துளி மெழுகு எடுத்து, மூச்சைப் பிடித்து, அதை முகட்டின் மேல் வைக்கும் அந்த நொடியில் என் பற்கள் இறுகக் கடித்திருந்தன. ஒரு நாளைக்கு எத்தனை முகடு! ஒருவருக்கு நாள் முழுதும் மெல்லுவது, விழுங்குவது எல்லாம் சேர்த்துப் பற்கள் தொட்டுக்கொள்ளும் நேரம் அரை மணிக்கும் குறைவு. மீதி நேரம் மேலுக்கும் கீழுக்கும் 2 முதல் 4 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். உதடு சேர்ந்திருக்கும், பல் பிரிந்திருக்கும். நான் மணிக்கணக்கில் கடித்துக்கொண்டிருந்தேன்.

விளக்கின் கழுத்தில் ஒரு பச்சைப் பொட்டு ஒட்டினேன். அது கண்ணில் படும்போதெல்லாம் தாடையைத் தளர்த்துவேன். பொட்டு இன்னும் இருக்கிறது, வெளிறிவிட்டது. இரவில் போட ஒரு தகடும் செய்துகொண்டேன். தகடு பல்லைக் காக்கும், கடிக்கும் பழக்கத்தை நிறுத்தாது. வாங்குபவர்கள் அதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

19 அக்டோபர், மாலை 6.20

பல்செட் பற்றி இரண்டு பேர் கேட்டதால்.

என் அப்பாவுக்கு 78 வயதில் முழுப் பல்செட் தேவைப்பட்டது. மூத்த தலைமுறையினருக்கு அரசு கொடுத்த முன்னோடித் தலைமுறை அட்டையில் சலுகை கிடைத்தது. முதல் செட் வேறோர் இடத்தில் செய்தது, உயரம் கூடிப்போயிற்று. பேசும்போதெல்லாம் மேலும் கீழும் டக் டக்கென்று மோதும். சாப்பிட்டு எழுந்தால் கன்னமெல்லாம் வலி என்பார். அந்த 2 மில்லிமீட்டர் ஓய்வு இடைவெளியைப் பல்செட் தின்றுவிட்டது. "பல்லு போனா சொல்லு போச்சுன்னு சொல்வாங்க, எனக்குப் பல்லு வந்தும் சொல்லு போச்சேம்மா" என்றார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

இரண்டாவது செட்டை அவருடைய மருத்துவரும் நானும் சேர்ந்து செய்தோம். மெழுகில் பற்களை அடுக்கி, அப்பா வாயில் வைத்துப் பேசச் சொன்னோம். வகாரம் பிறக்க மேல் பல்லும் கீழ் உதடும் பொருந்த வேண்டும் என்பது நம் இலக்கணம். பல் மருத்துவமும் அதே வகாரத்தை வைத்துத்தான் மேல் முன்பற்களின் நீளத்தை முடிவு செய்கிறது. "வாழைப்பழம்", "வெவ்வேறு" என்று சொல்லச் சொன்னேன். கீழ் உதட்டின் ஈர விளிம்பில் பல் நுனி வந்து தொட வேண்டும். அரை மில்லிமீட்டர் ஏற்றினோம். அப்புறம் "சிங்கப்பூர்", "சிராங்கூன்". அந்தச் சகரத்தில்தான் மேலும் கீழும் மிக நெருங்கி வரும், ஆனால் தொடக் கூடாது. தொட்டால் உயரம் கூடுதல்.

இங்கே 16-ஆம் தேதி எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். பக்கவாட்டில் போகும்போது பின்பற்கள் விலக வேண்டும் என்றது சொந்தப் பற்களுக்கு. முழுப் பல்செட் ஈறின் மேல் சும்மா உட்கார்ந்திருப்பது, ஒரு பக்கம் மட்டும் பட்டால் மறுபக்கம் தூக்கிக்கொள்ளும். அதனால் தாடை பக்கவாட்டில் போனாலும் இரண்டு பக்கமும் தொடும்படி அடுக்குவோம்.

தாடை எலும்பில் திருகிப் பதிக்கும் செயற்கை வேரான இம்பிளாண்டுக்கு இன்னொரு கணக்கு. அதற்கு அந்த நார் கிடையாது, எலும்போடு நேராகப் பிடித்துக்கொள்கிறது. பக்கத்துப் பற்கள் அழுத்தத்தில் கொஞ்சம் அமுங்கும், அது அமுங்காது. 8 மைக்ரான் தகடு ஒன்று வைத்திருக்கிறோம். லேசாகக் கடித்தால் அந்தத் தகடு இம்பிளாண்ட் கேப்பில் வழுக்கி வர வேண்டும், இறுகக் கடித்தால் பிடிக்க வேண்டும். அந்த அளவுக்குத் தாழ்த்தி விடுவோம்.

அப்பா இப்போது தினமும் காலை தமிழ் முரசு நாளிதழைச் சத்தமாக வாசிக்கிறார். முதலில் பயிற்சிக்காக வாசித்தார். இப்போது வழக்கமாகிவிட்டது.

20 அக்டோபர், காலை 11.00

கட்டைவிரல் சூப்பும் ஏழு வயது மகளின் படம் அனுப்பிய அம்மாவுக்கு. பின்பற்கள் சேர்ந்த பிறகும் முன்பற்களுக்கு நடுவே இடைவெளி, திறந்த கடி என்பார்கள். மீ கோரெங் (வறுத்த நூடுல்ஸ்) சாப்பிடும்போது நூடுல்ஸை முன்பல்லால் அறுக்க முடியாமல் நாக்கை நீட்டி அண்ணத்தில் நசுக்குகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். மிகச் சரியாகக் கவனித்திருக்கிறீர்கள், மருத்துவரிடமும் இதே வார்த்தையில் சொல்லுங்கள். இந்த வயதில் விரலை நிறுத்தினாலே பல சமயம் தானாக மூடிக்கொள்ளும். திட்டி நிறுத்த வேண்டாம். பல் சீரமைப்பு மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள்.

24 அக்டோபர், இரவு 9.30

பாட்டி நினைவு வந்தது. ஆயுள் முழுக்க வெற்றிலை பாக்கு. கடைவாய்ப் பற்களில் ஒரு முகடு இல்லை, அம்மிக்கல் மாதிரி தேய்ந்து தட்டையாக இருந்தன. 1899-ல் எட்வர்ட் ஆங்கிள் என்ற அமெரிக்கப் பல் சீரமைப்பு மருத்துவர் வகுத்த கடி வகைகளில் அவரை எங்கே வைப்பது என்று மாணவியாக இருந்தபோது யோசித்திருக்கிறேன். அந்த வகைகள் மேல் முதல் கடைவாய்ப் பல்லின் முகடு கீழ்ப் பல்லின் எந்தப் பள்ளத்தில் உட்காருகிறது என்று பார்ப்பவை. பாட்டிக்கு முகடும் இல்லை, பள்ளமும் இல்லை. ஆனால் கடைசிவரை தாடை வலி என்று அவர் சொல்லிக் கேட்டதில்லை. படத்தில் இருப்பது போலப் பொருந்தினால்தான் வாய் நன்றாக இருக்கும் என்ற எண்ணத்தை எனக்கு முதலில் கலைத்தது அவர்தான்.

பாக்கை நல்லதென்று சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. பாட்டியின் தம்பிக்கும் அதே பழக்கம். அவருக்கு வாய் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்காமல் போயிற்று. மூட்டு நன்றாகவே இருந்தது. கன்னத்தின் உட்பக்கம் வெளிறி, தோல்வார் போல இறுகிவிட்டது. கடைசியில் ஒரு விரல்தான் நுழைந்தது, இட்லியைப் பிட்டு உள்ளே தள்ளுவார். பாக்கினால் வரும் அந்த இறுக்கம் புற்றுநோய்க்கு வழி விடக்கூடியது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை பாக்கையே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று 2004-ல் வகைப்படுத்திவிட்டது. லிட்டில் இந்தியாவின் தேக்காவில் ஞாயிற்றுக்கிழமை பாக்கு மெல்லும் நம் தம்பிகள் யாராவது இதைப் படித்தால், மூன்று விரலை வைத்துப் பாருங்கள். நுழையவில்லை என்றால், காரமே நாக்கில் தாங்கவில்லை என்றால், உடனே பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

2 நவம்பர், மாலை 5.45

ஈசூன்வாசி தீபாவளிக்கு முதல் நாள் மறுபடியும் போயிருக்கிறார். சிவப்புத் தாள் கேட்டிருக்கிறார். கேப்பின் உட்பக்க முகட்டில், நீலப்புள்ளி எதுவும் இல்லாத சரிவில், நீளமாக ஒரு சிவப்புக் கோடு விழுந்ததாம். அதை எடுத்துவிட்டார்கள். மறுநாள் காலை அவருடைய அக்கா வீட்டில் மட்டனும், மதியம் முறுக்கும். காதோரம் ஒன்றும் தெரியவில்லை என்கிறார். எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லத் தெரியவில்லை.

ஒன்று மட்டும் பாக்கி. எடுத்த இடத்தை நாக்கால் தடவிப் பாருங்கள். கேப் சிர்கோனியா என்ற கெட்டியான பீங்கான் வகை என்றால், பளபளப்பாகத் தேய்த்த மேற்பரப்பு எதிர்ப்பல்லுக்கு இதமாக இருக்கும். ராவிவிட்டுச் சொரசொரப்பாக விட்டால் அது அரம் மாதிரி மேல் பல்லின் எனாமலைத் தேய்க்கும். மெருகேற்றும் ரப்பர் சக்கரம் எல்லா மருத்துவமனையிலும் இருக்கிறது, இரண்டு நிமிட வேலை.

2 நவம்பர், இரவு 8.10 | ஈசூன்வாசி

தடவிப் பார்த்தேன் அக்கா. சொரசொரப்பாகத்தான் இருக்கிறது. புதன்கிழமை நேரம் வாங்கிவிட்டேன்.